பாயிரம் இல்லாத பக்கங்கள்

எங்கள் துறையில் ஆய்வு செய்யும் மாணவி ஒருவர் சில மாதங்களுக்கு முன் தம் ஆய்வேட்டின் மூன்றாம் இயலைத் திருத்தத்துக்காகக் கொண்டுவந்து கொடுத்தார். ஒப்பாரிப் பாடல்களைப் பற்றிய ஆய்வு. வட ஆர்க்காட்டு வட்டார ஒப்பாரிகளில், இறந்த குழந்தையை எண்ணித் தாய் பாடும் பாடல்கள் கிடைக்கவில்லை என்றும், அந்த இன்மைக்குச் சமூகக் காரணங்கள் இருக்கக்கூடும் என்றும் இரண்டு பக்கங்களுக்கு விரித்து எழுதியிருந்தார். படித்ததும் திடுக்கிட்டேன். அத்தகைய பாடல்கள் பதினொன்று அச்சில் இருக்கின்றன. அவை இடம்பெற்ற தொகுப்பை நான் நன்கறிவேன். அதன் பின்னட்டைக் குறிப்பை எழுதியவனே நான். விந்தை என்னவென்றால், மாணவி தம் அடிக்குறிப்புகளில் மேற்கோள் காட்டியிருந்ததும் அதே தொகுப்பைத்தான்.

"புத்தகத்தை எங்கே அம்மா வாங்கினாய்?" என்று கேட்டேன். "வாங்கவில்லை ஐயா, இணையத்தில் கிடைத்தது" என்றார். யாரோ ஒருவர் பக்கம் பக்கமாகப் படியெடுத்து ஏற்றிவைத்த மின்கோப்பு. அதில் ஒரு ஃபாரம், அதாவது பதினாறு பக்கங்கள், விடுபட்டிருந்தன. குழந்தைக்கான ஒப்பாரிகள் அந்தப் பதினாறு பக்கங்களுக்குள் இருந்தன. "பதிப்பாளரிடமே கேட்டிருக்கலாமே" என்றேன். "தேடிப் பார்த்தேன் ஐயா. அந்தப் புத்தகம் யாரிடமும் விற்பனைக்கு இருப்பதாக வரவில்லை. பழைய புத்தகம், தீர்ந்துபோயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்."

தீரவில்லை. எங்கள் கல்லூரியிலிருந்து இருபது கிலோமீட்டர் தொலைவில், பதிப்பாளர் வீட்டின் பின்கட்டில், 212 படிகள் கட்டுக்கட்டாக அடுக்கிக் கிடக்கின்றன. அந்தப் பதிப்பகத்துக்கு வலைத்தளம் இல்லாமலும் இல்லை. 2007 முதல் இருக்கிறது. ஆண்டுதோறும் தளத்தின் பெயருக்கும் வழங்கியின் இடத்துக்கும் அவர் வாடகை கட்டிவருகிறார். புத்தகம் இருக்கிறது, தளம் இருக்கிறது, தேடுகிற வாசகரும் இருக்கிறார். ஒருவரையொருவர் சந்திக்கவில்லை, அவ்வளவே. அதன் விளைவாக ஓர் ஆய்வேட்டில், குழந்தையை இழந்து அழுத தாய்மார்களே ஒரு வட்டாரத்தில் இல்லாமற் போனார்கள்.

அன்று மாலை பதிப்பாளரைத் தொலைபேசியில் அழைத்து நடந்ததைச் சொன்னேன். தந்தையார் தொடங்கிய அச்சகத்தைப் பதிப்பகமாக வளர்த்தவர் அவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவரே பதிப்பாசிரியர், அவரே கணக்கர், விழாக் காலங்களில் அவரே மூட்டை தூக்குபவர். "அதற்குத்தான் சார் ஓர் ஏற்பாடு செய்திருக்கிறேன்" என்றார். தேடுபொறியில் முதற்பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்துவதாக ஒரு நிறுவனம் அவரை அணுகியிருந்தது. மாதம் 18,000 ரூபாய், ஆறு மாதம். மொத்தம் 1,08,000 ரூபாய். அவருடைய கணக்கில் அது மூன்று நூல்களை முந்நூறு படிகள் வீதம் அச்சிடும் தொகை. முன்பணம் கட்டுவதற்கு முன் அவர்கள் அனுப்பிய திட்டத்தை ஒருமுறை பார்க்கிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன்.

நான் கணினி அறிந்தவன் அல்லன். தமிழ் முதுகலை படித்து வகுப்பில் நன்னூலும் யாப்பருங்கலக்காரிகையும் நடத்திக்கொண்டிருப்பவன். ஆனால் அந்தத் திட்டத்தில் நான் கண்டவை கணினிச் செய்திகளாக இல்லை. மொழிச் செய்திகளாகவே இருந்தன. நண்பர்களிடம் கேட்டும், கூகுள் நிறுவனம் தள உரிமையாளர்களுக்கென்று வெளியிட்டிருக்கும் வழிகாட்டுதல்களைப் படித்தும் கற்றுக்கொண்டவற்றை இங்கே எழுதுகிறேன். சிறு பதிப்பகம், சிறு புத்தகக் கடை, ஏன், ஊறுகாய் போட்டு விற்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். எனினும் என் வழக்கு பதிப்பகங்களைப் பற்றியது.

திட்டத்தின் முதல் இனம்: ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பகுதியிலும், வாசகர் கண்ணுக்குத் தெரியாதபடி நூறு குறிச்சொற்களைச் செருகுவது. இந்தக் குறிச்சொற் பட்டியலைத் தரவரிசைக்குத் தாம் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009இலேயே வெளிப்படையாக அறிவித்துவிட்டது. செத்த மாட்டுக்குத் தீவனக் கணக்கு எழுதியிருந்தார்கள். இரண்டாவது இனம்: மாதம் நான்கு கட்டுரைகள். மாதிரிக்கு ஒன்றை இணைத்திருந்தனர். சிறந்த தமிழ்ப் புத்தகங்கள் வாங்கச் சிறந்த தமிழ்ப் புத்தகக் கடையைத் தேடுபவர்கள் சிறந்த தமிழ்ப் புத்தகங்களை எங்கள் சிறந்த தமிழ்ப் புத்தகக் கடையில் வாங்கலாம் என்ற போக்கில் ஒன்றரைப் பக்கம். மடக்கு அணியிலாவது மீண்டும் வரும் சொற்றொடருக்கு வேறு பொருள் உண்டு. இதில் முதன்முறை வரும்போதே பொருள் இல்லை. இத்தகைய சாரமற்ற பக்கங்களைப் பின்னுக்குத் தள்ளுவதற்காகவே 2011இல் பாண்டா என்ற பெயரில் கூகுள் தன் வரிசைமுறையைத் திருத்தியது. மூன்றாவது இனம்: வெளித்தளங்களிலிருந்து ஐந்நூறு சுட்டிகள். அதைப் பற்றிப் பின்னர்.

எல்லாவற்றுக்கும் மேலே, முதலிடம் உறுதி என்று கொட்டை எழுத்தில் இருந்தது. முதலிடத்தை யாராலும் உறுதி செய்ய இயலாது என்றும், அப்படிச் சொல்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள் என்றும் கூகுளின் வழிகாட்டுதலே சொல்கிறது. பதிப்பாளருக்கு அந்தப் பகுதியைப் படித்துக் காட்டினேன். "அப்படியானால் என்னதான் சார் செய்வது? நீங்கள்தான் வந்து செய்யுங்களேன்" என்றார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

தேடுபொறி என்பதைத் தமிழ் படித்தவர்கள் புரிந்துகொள்வது எளிது. அது ஒரு மாபெரும் சொல்லடைவு. சங்க இலக்கியத்துக்குச் சொல்லடைவு தொகுத்தவர்கள் ஒவ்வொரு பாட்டையும் வரிவரியாகப் படித்து, எந்தச் சொல் எந்தப் பாட்டில் எத்தனையாவது அடியில் வருகிறது என்று எழுதிவைத்தார்கள் அல்லவா? அதையே இணையத்தில் இடைவிடாது செய்துகொண்டிருக்கிறது ஓர் எந்திரம். அது பக்கங்களைச் சுட்டிகளின் வழியாகக் கண்டுபிடிக்கிறது, படிக்கிறது, சொற்களை அடைவில் சேர்க்கிறது, ஒருவர் தேடும்போது பொருந்தும் பக்கங்களைத் தகுதி பார்த்து வரிசைப்படுத்துகிறது. வரிசையைத் தீர்மானிக்கும் காரணிகள் பல. ஆனால் அடைவில் சேராத பக்கத்துக்கு வரிசையே இல்லை. பாட்டில் இல்லாத சொல் சொல்லடைவில் எப்படி வரும்? ஒரு சொல்லுக்கு நிகரான வேறு சொல்லையும் பொருளறிந்து பொருத்தும் முயற்சிகள் 2015க்குப் பிறகு பெருகியிருக்கின்றன என்பது உண்மைதான். அந்த எந்திரம் நம் வட்டார வழக்கையும் வகுப்பறைக் கலைச்சொல்லையும் தானே இணைத்துக்கொள்ளும் என்று நம்பி ஒரு கடையை நடத்த முடியாது.

அடைவில் நம் பக்கங்கள் சேர்ந்திருக்கின்றனவா என்று பார்ப்பதற்கு எளிய வழி இருக்கிறது. தேடல் பெட்டியில் சைட் என்ற ஆங்கிலச் சொல்லை இட்டு, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி இல்லாமல் தளத்தின் முகவரியை எழுதித் தேட வேண்டும். தேடுபொறி அறிந்துவைத்திருக்கும் பக்கங்கள் ஏறத்தாழத் தெரியும். பதிப்பகம் வெளியிட்டிருப்பவை 140 நூல்கள். தெரிந்த பக்கங்கள் நான்கு.

காரணத்தைத் தேடியபோது தமிழ்க் கணிமையின் வரலாறே அந்தத் தளத்தில் படிவு படிவாகக் கிடந்தது. 2007இல் தளத்தை உருவாக்கியவர் அச்சகத்தில் இருந்த எழுத்துருவையே தளத்துக்கும் பயன்படுத்தியிருக்கிறார். அக்காலத்தில் இது வழக்கந்தான். ஆளுக்கோர் எழுத்துரு, ஆளுக்கொரு குறியாக்கம். 1999இல் சென்னையில் கூடிய தமிழ்நெட் மாநாடு டாம், டாப் என இரு குறியாக்கங்களைப் பரிந்துரைத்த பிறகும் குழப்பம் தீரவில்லை. தமிழ்நாடு அரசு ஒருங்குறியைத் தன் தரமாக ஏற்றது 2010இல்தான். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பக்கத்தைத் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த கூளம் தெரியும். நாம் எழுத்துருவை நிறுவிக்கொண்டு படித்துவிட்டோம். எந்திரத்துக்கு அது கடைசிவரை கூளந்தான்.

2015இல் தளத்தைப் புதுப்பிக்க வந்தவர், பழைய எழுத்துகளை ஒருங்குறிக்கு மாற்றுவது தொல்லை என்று கருதி, எல்லாவற்றையும் படம் பிடித்து ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார். பார்ப்பதற்கு அழகாக இருக்கிறது. நூலின் பெயர் படம், ஆசிரியர் பெயர் படம், விலை படம். படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தேடுபொறி பக்கத்தின் உரையாக எடுத்துக்கொள்ளும் என்று நம்பியிருக்க இயலாது. படத்தில் இருப்பது இன்னது என்று சொல்லும் மாற்று உரையை எழுத இடம் உண்டு. அதுவும் வெறுமையாக இருந்தது. 140 நூல்களும் ஒரே நீண்ட பக்கத்தில் வரிசையாக. உலாவியின் மேற்பட்டையிலும் தேடல் முடிவிலும் தெரியும் பக்கத் தலைப்போ நான்கு பக்கங்களுக்கும் ஒன்றே: முகப்பு. கடையின் பெயர்ப்பலகையில் கடை என்று மட்டும் எழுதி வைத்ததுபோல.

இவ்வளவுக்கும் பதிப்பாளரையும் தளம் அமைத்தவர்களையும் குறை சொல்லிவிட்டு நான் நகர்ந்திருப்பேன். அடுத்த படியில் என் பங்கு வந்தது.

ஒவ்வொரு நூலுக்கும் தனிப்பக்கம் அமைப்பது என்று முடிவாயிற்று. முதலில் அந்த ஒப்பாரித் தொகுப்பையே எடுத்துக்கொண்டோம். பக்கத்தில் என்ன எழுதுவது? பின்னட்டைக் குறிப்பையே தட்டச்சு செய்துவிடலாம் என்றார் பதிப்பாளர். எடுத்துப் படித்தேன். வாய்மொழி மரபின் செழுமையை உணர்த்தும் அரிய ஆக்கம் என்று எழுதியிருந்தேன். கையறுநிலை என்னும் புறத்துறையின் மக்கள் வடிவம் என்று எழுதியிருந்தேன். இரங்கற் பாடல்கள் என்றும், நிகழ்த்துதல் என்றும், தவிர்க்கவியலாத தொகுப்பு என்றும் எழுதியிருந்தேன். பதினான்கு வரிகளில் ஒப்பாரி என்ற சொல் ஓரிடத்தில்கூட இல்லை. நூலின் பெயர் ஒரு பாடலின் தொடரிலிருந்து எடுக்கப்பட்டது. அதிலும் அச்சொல் இல்லை. எந்த மாவட்டத்துப் பாடல்கள், எத்தனை பாடல்கள், யார் யாருக்காகப் பாடப்பட்டவை, பாடியவர்கள் யார், எதுவுமே இல்லை.

அந்த மின்கோப்பை ஏற்றியவர் என்ன எழுதியிருக்கிறார் என்று போய்ப் பார்த்தேன். "ஒப்பாரி பாட்டு புத்தகம் - வட ஆற்காடு கிராம பெண்கள் பாடியது, தாய், கணவன், அண்ணன் இறந்தால் பாடும் பாட்டு" என்று எழுதியிருந்தார். மூன்று இடங்களில் ஒற்று மிகவில்லை. மாணவர் எழுதியிருந்தால் சிவப்பு மையால் வட்டமிட்டிருப்பேன். ஆனால் அந்த நூலைப் பற்றி இதுவரை எழுதப்பட்டவற்றில் மிகச் சரியான விவரம் அதுதான். திருட்டுத்தனமாக ஏற்றியவர் அந்த நூல் யாருக்கு வேண்டும், அவர் என்ன சொல்லிக் கேட்பார் என்று எண்ணிப் பார்த்திருக்கிறார். நான் எண்ணிப் பார்த்ததெல்லாம், இந்தக் குறிப்பைப் படிக்கும் சக பேராசிரியர்கள் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்பதை.

இது என் தனிப்பட்ட நோய் அன்று. நம் சிற்றிதழ்ச் சூழலின் பின்னட்டைகளை எடுத்துப் பாருங்கள். நுண்மை, செறிவு, அடர்த்தி, தரிசனம். நாவலா சிறுகதையா என்று கண்டுபிடிப்பதற்குள் வாசகர் புத்தகத்தைக் கீழே வைத்துவிடுவார். கதை எந்த ஊரில் நடக்கிறது, எந்தத் தொழில் செய்பவர்களைப் பற்றியது என்று சொல்வது ஏதோ கௌரவக் குறைவு என்பதுபோல் ஒரு தயக்கம். உப்பளத் தொழிலாளர்களைப் பற்றிய நாவலைத் தேடும் வாசகர் உப்பளம் என்றுதான் தேடுவார். விளிம்புநிலை வாழ்வியல் என்று தேடமாட்டார்.

இத்தனைக்கும் இந்தப் பாடத்தை நமக்கு யாரும் கலிபோர்னியாவிலிருந்து வந்து கற்பிக்க வேண்டியதில்லை. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலில் சொல்லிவைத்திருக்கிறார். ஒரு நூலுக்குச் சிறப்புப் பாயிரம் என்னென்ன சொல்ல வேண்டும்? நூலைச் செய்தவர் யார், நூலின் பெயர் என்ன, எந்த நூலின் வழியில் வந்தது, எந்த நிலப்பகுதியில் வழங்குவது, எப்படி யாக்கப்பட்டது, எதைப் பற்றியது, யார் கேட்பதற்கு உரியவர், கேட்டதனால் என்ன பயன். எட்டுச் செய்திகள். காலம், அரங்கேறிய களம், இயற்றக் காரணம் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பதினொன்று என்று சொல்வாரும் உளர் என்கிறார். ஆண்டுதோறும் வகுப்பில் இதை நடத்துகிறேன். தேர்வில் வினாவாகவும் வைக்கிறேன். ஒரு நூலுக்குக் குறிப்பு எழுத உட்கார்ந்தபோது ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. பெருமுயற்சியுடைய உ.வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது, பாடினோரையும் பாடப்பட்டோரையும் பற்றிய செய்திகளைத் தொகுத்துச் சேர்த்தார். வாசகர் எந்த வாயிலிலிருந்து வந்தாலும் நூலுக்குள் நுழைய வேண்டும் என்ற அக்கறைதான் அதில் இருக்கிறது.

அந்தப் பதினொன்றையும் ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டு ஒப்பாரித் தொகுப்புக்குப் பக்கம் எழுதினோம். பக்கத் தலைப்பில் நூலின் பெயரும் தொகுப்பாளர் பெயரும், தொடர்ந்து வட ஆர்க்காட்டு ஒப்பாரிப் பாடல்கள் என்ற தொடரும். உரையில் பாடல்களின் எண்ணிக்கை, தொகுக்கப்பட்ட ஊர்கள், தாய்க்கு, கணவனுக்கு, உடன்பிறந்தானுக்கு, குழந்தைக்கு என்ற பகுப்பு, தொகுத்த ஆண்டுகள், பக்கம், விலை, ஐ.எஸ்.பி.என். எண், தபாலில் பெறும் வழி. தொகுப்பாளர் ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியர். அவரிடம் பேசி, மிதிவண்டியில் ஊர் ஊராகப் போய் எழுதிய கதையை நான்கு வரிகளில் சேர்த்தோம். இரு பாடல்களை முழுமையாகத் தந்தோம். இந்த ஒரு பக்கத்துக்கு ஒரு சனிக்கிழமை முழுதும் ஆயிற்று.

எழுதும்போது சில சிக்கல்கள் வந்தன. தமிழாசிரியர்களுக்கு இவை சுவையானவை. மக்கள் ஒற்று இடாமல் ஒப்பாரி பாடல்கள் என்று தேடுகிறார்கள். நாம் ஒப்பாரிப் பாடல்கள் என்று எழுதினால் எந்திரத்தின் கண்ணில் முதற்சொல் வேறொரு சொல்லாகிவிடுகிறது. அதற்காகச் சந்தியைக் கைவிட்டு எழுதுவதா? பதிப்பாளர் எழுதிவிடலாம் என்றார். நான் மறுத்துவிட்டேன். எந்திரத்துக்காக மொழியைச் சிதைக்கத் தொடங்கினால் முடிவிராது. அதற்குத் தேவையும் இல்லை. ஒப்பாரி என்ற சொல் தனித்து நிற்கும்படி இரண்டு வாக்கியங்கள் அமைத்தால் போதும். மரம் என்பது மரத்தை, மரத்தில், மரத்துக்கு என்று உருமாறும் மொழி நம்முடையது. முதன்மையான சொல் ஓரிடத்திலாவது எழுவாயாக, வேற்றுமை உருபு ஏற்காமல் நிற்கட்டும். நல்ல உரைநடையும் அப்படித்தானே இருக்கும்?

கண்ணுக்குத் தெரியாத பிழைகள் இன்னும் கொடியவை. கௌரவம் என்பதன் முதலெழுத்தைச் சிலர் ககர ஒற்றைக்கொம்பையும் ளகரத்தையும் சேர்த்துத் தட்டுகிறார்கள். பார்வைக்கு வேறுபாடு தெரியாது; எந்திரத்துக்கு அது கெளரவம், வேறு சொல். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றப்பட்ட கோப்புகளில் காலும் ரகரமும் இடம் மாறிக் கிடக்கும். பதிப்பகத்தின் மூன்று ஆசிரியர்கள் பெயரில் இப்படிப்பட்ட பிழைகள் இருந்தன. அப்பெயர்களைச் சரியாகத் தட்டித் தேடிய எவருக்கும் அவர்கள் அகப்பட்டிருக்கமாட்டார்கள். தமிழில் தட்டத் தெரியாமல் ஆங்கில எழுத்துகளால் தேடுபவர்களும் ஏராளம். ஆகவே நூற்பெயரையும் ஆசிரியர் பெயரையும் உரோமன் எழுத்திலும் ஒருமுறை தந்தோம். ஒருவர் பெயரை ஐந்து விதமாக எழுதலாம். ஆசிரியர் தாமே எழுதும் முறையோடு நிறுத்திக்கொண்டோம். ஐந்தையும் அடுக்கினால் அது அந்த நிறுவனத்தின் கட்டுரைபோல் ஆகிவிடும்.

இனி அந்த ஐந்நூறு சுட்டிகளுக்கு வருகிறேன். 1998இல் கூகுளைத் தொடங்கிய லாரி பேஜும் செர்கே பிரின்னும் முன்வைத்த கருத்து, கல்விப்புலத்தின் மேற்கோள் மரபிலிருந்து பிறந்தது. பலரால் மேற்கோள் காட்டப்படும் கட்டுரை மதிப்புடையது. மதிப்புடையவரால் மேற்கோள் காட்டப்படுவது இன்னும் மதிப்புடையது. ஒரு பக்கத்துக்கு வேறொரு பக்கம் தரும் சுட்டியை அவர்கள் மேற்கோளாகக் கொண்டார்கள். நமக்கு இது புதிதன்று. தகடூர் யாத்திரை என்ற நூல் நமக்குக் கிடைக்கவில்லை. உரையாசிரியர் மேற்கோளிலும் புறத்திரட்டிலும் சில பாடல்கள் வாழ்வதால்தான் அப்படி ஒரு நூல் இருந்தது என்றே அறிகிறோம்.

மேற்கோளை விலைக்கு வாங்கினால்? அறிவுத்துறையில் அது என்னவோ அதுவே இங்கும். தேடுபொறிக்கு ஒன்றும் பார்வையாளருக்கு வேறொன்றுமாகப் பக்கங்கள் வைத்ததற்காக 2006இல் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. தளத்தையே கூகுள் தன் அடைவிலிருந்து நீக்கியது. தொடர்பற்ற தளங்களில் சுட்டிகள் பரவிக்கிடந்த செய்தி 2011இல் நியூயார்க் டைம்ஸ் இதழில் வெளியானபோது ஜே.சி. பென்னி என்ற அமெரிக்க அங்காடி முதலிடங்களிலிருந்து கீழே தள்ளப்பட்டது. 2012இல் பெங்குயின் என்ற திருத்தம் இதற்கென்றே வந்தது. அத்தகைய பெரு நிறுவனங்கள் விழுந்தால் எழுந்துகொள்ளும். மூன்று நூல் அச்சிடும் பணத்தைக் கொடுத்துத் தண்டனையை வாங்கிக்கொள்ளும் நிலையில் நம் பதிப்பாளர் இல்லை. அவர் அந்த நிறுவனத்துக்கு வேண்டாம் என்று கடிதம் எழுதிவிட்டார்.

ஆனால் அவருக்கு நியாயமாக வரவேண்டிய சுட்டிகள் வரவில்லை என்பதும் உண்மை. இங்கேதான் இதைப் படிக்கும் நண்பர்களிடம் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. நாம் வலைப்பதிவுகளில் மதிப்புரை எழுதுகிறோம். ஆயிரம் சொற்களில் நூலை அலசிவிட்டுக் கடைசியில் வாங்குவதற்கு என்று பெரிய இணைய அங்காடியின் சுட்டியைத் தருகிறோம். அல்லது பதிப்பகத்தின் பெயரை மட்டும் எழுதி விட்டுவிடுகிறோம். அந்தத் தொகுப்பைப் பற்றி நான் அறிந்து நான்கு நல்ல பதிவுகள் வந்திருக்கின்றன. நான்கிலும் பதிப்பகத்தின் பக்கத்துக்கு ஒரு சுட்டி இல்லை. அன்றைக்குச் சுட்டுவதற்குத் தனிப்பக்கம் இல்லை என்று சொல்லலாம், முகப்புக்காவது சுட்டியிருக்கலாம். அந்த நால்வருக்கும் மடல் எழுதினேன். இருவர் உடனே சேர்த்தார்கள். அறிந்து, படித்து, மதித்து ஒருவர் தரும் அந்த இரண்டு சுட்டிகள், வாங்கவிருந்த ஐந்நூறைவிட மேல் என்பது என் துணிபு.

இலக்கியத்துக்கு இந்தக் கடை வேலை எதற்கு என்று துறையில் ஒரு நண்பர் கேட்டார். நல்ல நூல் தன் வாசகனைத் தானே கண்டடையும் என்பது அவர் கட்சி. கேட்க இனிமையாக இருக்கிறது. பின்கட்டில் இருக்கும் 212 படிகளில் ஒன்றுகூடத் தானாக எழுந்து நடந்து போகவில்லை என்றுதான் அவருக்குச் சொல்ல முடிந்தது. வேறொருவர், இனி யாரும் பக்கங்களைத் திறக்கவே மாட்டார்கள், செயற்கை நுண்ணறிவு விடையைத் திரட்டி மேலே கொடுத்துவிடுகிறது என்றார். அந்தத் திரட்டு விடைகள் 2024 ஆகஸ்டில் இந்தியாவுக்கும் வந்துவிட்டன. சிறு தளங்களுக்கு அதனால் இழப்பு உண்டு என்ற அச்சத்தை நான் தள்ளிவிடவில்லை. எனினும் திரட்டுவதற்கும் எங்கேயாவது எழுதப்பட்ட உரை வேண்டும். பதினாறு பக்கம் குறைந்த மின்கோப்பிலிருந்து அது திரட்டினால், என் மாணவியின் பிழையையே நாடெங்கும் பரப்பும்.

கடைக்குக் கூகுள் வரைபடத்தில் இலவசமாகப் பதிந்துகொள்ளும் வசதியையும் பயன்படுத்தினோம். முகவரி, திறக்கும் நேரம், தொலைபேசி எண். அரைமணி நேர வேலை. தேடல் வழியாக என்னென்ன சொற்களுக்குத் தளம் தோன்றுகிறது என்று காட்டும் சர்ச் கன்சோல் என்ற கருவியும் இலவசமே. மாதம் ஒருமுறை அதைத் திறந்து பார்ப்பது இப்போது எனக்குப் புதினம் படிப்பதுபோல் ஆகிவிட்டது. எங்கள் ஊர்ச் சிறுதெய்வத்தின் பெயரை ஒருவர் நான்கு விதமாகத் தட்டித் தேடியிருக்கிறார். அந்தத் தெய்வத்தைப் பற்றி இவரிடம் ஒரு நூல் இருக்கிறது. அதற்கு இன்னும் பக்கம் எழுதவில்லை.

ஐந்து மாதங்கள் ஆகின்றன. 140இல் 58 நூல்களுக்குப் பக்கம் எழுதியிருக்கிறோம். ஒப்பாரித் தொகுப்பு இப்போது தேடினால் கிடைக்கிறது. சில நாள்களில் அந்த மின்கோப்பு மேலே இருக்கிறது, சில நாள்களில் நாம். பதிப்புரிமை மீறல் என்று முறையிட்டுத் தேடல் முடிவிலிருந்து ஒரு முகவரியை நீக்கச் செய்தார் பதிப்பாளர். இரண்டு வாரத்தில் வேறு முகவரியில் முளைத்துவிட்டது. 212இல் 31 படிகள் விற்றிருக்கின்றன. அதில் ஒன்றை என் மாணவி வாங்கினார். மூன்றாம் இயலைத் திருப்பி எழுதிக்கொண்டிருக்கிறார். அந்தப் பதினொரு பாடல்களுக்காக இயல் நீண்டுவிட்டது, நெறியாளர் என்ற முறையில் எனக்கு வேலை கூடிவிட்டது.

சென்ற சனிக்கிழமை ஐம்பத்தொன்பதாவது நூலை எடுத்தோம். 2011இல் வந்த கவிதைத் தொகுப்பு. எதைப் பற்றியது, யாருக்கு உரியது என்று பவணந்தியார் வரிசைப்படி கேட்டுக்கொண்டே வந்தேன். பதிப்பாளர் இரண்டு மூன்று கவிதைகளைப் புரட்டிப் படித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், "இதை ஏன் சார் போட்டோம்?" என்றார். பின்னட்டையைத் திருப்பிப் பார்த்தோம். குறிப்பு எழுதியவன் நான்தான்.